துவோயினா: இரண்டே பேருக்கான இலக்கணம்

ஸ்லோவேனிய மொழியில் 'தேலம்' என்றால் வேலை செய்கிறேன். 'தேலமோ' என்றால் வேலை செய்கிறோம். இரண்டுக்கும் நடுவில் 'தேலவா' என்று ஒன்று உண்டு. வேலை செய்பவர்கள் சரியாக இரண்டு பேராக இருந்தால்தான் அது பொருந்தும். மூன்றாவதாக ஒருவர் வந்து சேர்ந்தால் 'தேலமோ' ஆகிவிடும். ஒருமையிலும் சேராத, பன்மையிலும் சேராத இந்த எண்ணுக்குப் பெயர்தான் துவோயினா.

'துவா' என்றால் இரண்டு. அதிலிருந்து பிறந்த சொல் இது. சமஸ்கிருதத்தின் 'த்வி'யும் இதுவும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலத்திலிருந்து வந்தவை. ஒரு காலத்தில் ஸ்லாவிய மொழிகள் எல்லாவற்றிலும் இந்த எண் இருந்தது. ரஷ்யன், போலிஷ், செக் மொழிகளில் அது தேய்ந்து, சில தடயங்களே மிஞ்சின. சுமார் 25 லட்சம் பேர் பேசும் ஸ்லோவேனியத்திலோ அது இன்றும் அன்றாடப் பேச்சில் புழங்குகிறது. இம்மொழியின் முதல் அச்சு நூல்கள் 1550இல் பிரிமோஷ் துரூபர் எழுதியவை. 2004 முதல் இது ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளில் ஒன்று. பெரிய மொழிகள் சூழ்ந்திருக்க, சிறிய மொழியொன்று இவ்வளவு நுட்பமான ஒன்றைக் காப்பாற்றி வைத்திருப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

இதில் ஒரு விந்தை: கண், கை, கால் போல இயல்பாகவே இரண்டாக இருப்பவற்றுக்குப் பொதுவாகப் பன்மைதான். 'கைகள் வலிக்கின்றன' என்பதைப் பன்மையிலேயே சொல்கிறார்கள். 'இரண்டு கையும்' என்று எண்ணை அழுத்திச் சொல்லும்போதுதான் துவோயினா வரும். எப்போதும் இரண்டாகவே இருப்பதை இரண்டு என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை போலும்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? வடமொழி இலக்கணத்தின் 'துவிவசனம்' இருக்கிறது. ஆனால் ஒருமை, பன்மை என்ற வரிசையில் இயல்பாகப் போய் உட்காருவது 'இருமை'தான். இம்மை, மறுமை இரண்டையும் குறிக்க 23ஆம் குறளில் வரும் அதே சொல். குழப்பம் வரும் இடங்களில் 'இருமை எண்' என்று எழுதினால் போதும்.

'மித்வா' என்ற சொல்லைத் தமிழாக்குவதுதான் கடினம். 'மி' என்றால் நாம், நாங்கள் இரண்டும். 'துவா' சேர்ந்ததும் இருவர் என்பது உறுதியாகிவிடுகிறது. இரு பெண்கள் என்றால் 'மித்வே'. ஆனால் கேட்பவரையும் சேர்த்துச் சொல்கிறார்களா என்பது அதில் தெரியாது. தமிழுக்கு அது தெரிந்தாக வேண்டும். கணவன் மனைவியிடம் சொன்னால் 'நாம் இருவரும்'. அதையே வந்த விருந்தாளியிடம் சொன்னால் 'நாங்கள் இருவரும்'.