ஆடு தொடாத பூச்செடி

பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர்ச் சாலையோரத்தில், சித்திரை வெயிலிலும் வாடாமல் பூத்து நிற்கும் நித்தியகல்யாணி. சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். பசித்த ஆடுகூட வாய் வைக்காத கசப்பு. அந்த இலையைத்தான் என் பெரியப்பா சர்க்கரை நோய்க்கென்று தினமும் காலையில் மென்றுவந்தார்.

இந்த நம்பிக்கை நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. செடியின் பூர்வீகம் மடகாஸ்கர். 1952-ல் ஜமைக்காவிலிருந்து ஒரு மருத்துவர், அங்கே சர்க்கரைக்கு இதைக் காய்ச்சிக் குடிக்கிறார்கள் என்று எழுதி, 25 இலைகளை உறையிலிட்டுக் கனடாவுக்கு அனுப்பினார். அங்கே ஆராய்ச்சியாளர் ராபர்ட் நோபிள் இலைச்சாற்றை எலிகளுக்குப் புகட்டிப் பார்த்தார்; சர்க்கரை இறங்கவில்லை. ஊசியில் ஏற்றினார், சில நாளில் எலிகள் கிருமித்தொற்றில் செத்தன. ரத்தத்தில் வெள்ளையணுக்கள் சரிந்திருந்தன. வெள்ளையணு கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய்! நோபிளும் வேதியியலாளர் சார்லஸ் பீரும் செடியிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். அமெரிக்க மருந்து நிறுவனமான ‘எலி லில்லி’ இதே செடியில் கண்டெடுத்த இன்னொரு மருந்தான வின்கிறிஸ்டினுக்கு 1963-ல் அமெரிக்கா அனுமதி தந்தது.

செல் இரண்டாகும்போது குரோமோசோம்களைப் பங்கு பிரித்து இரு பக்கமும் இழுக்க, நுண்குழல்கள் என்ற கயிறுகளைக் கட்டிக்கொள்கிறது. டியூபுலின் என்ற புரதத் துண்டுகள் ஒன்றோடொன்று கோத்து நீண்டால் அதுதான் நுண்குழல். வின்கிறிஸ்டின் அந்தத் துண்டில் ஒட்டிக்கொள்ளும். கயிறு நீளாது, பங்கு பிரியாது, செல் பாதியில் நின்று மடியும். ஓயாமல் பிரியும் புற்றுச்செல்லுக்கு அடி அதிகம். ஆனால் நரம்புகளும் தம் நீளம் முழுக்கச் சரக்கு கொண்டுபோவது இதே நுண்குழல்களின் வழியாகத்தான். சிகிச்சையில் இருப்பவர்களுக்குக் கை, கால் விரல்கள் மரத்துப்போவது அதனால்தான்.

குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் மற்ற மருந்துகளோடு இதைச் சேர்த்துப் போடுகிறார்கள். ரத்தக்குழாயில் மட்டுமே ஏற்ற வேண்டும். தவறி முதுகுத்தண்டில் போட்டால் உயிர் போய்விடும். பெரியவர்களுக்கே ஒரு தடவைக்குப் பொதுவாக 2 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. நாம் களி கிண்டும் கேழ்வரகின் ஒரு மணி அதைவிடக் கனம்.

அந்தத் துளியை எடுப்பதும் லேசில்லை. ஒரு டன் உலர்ந்த இலையில் சில கிராம் தேறினால் பெரிது. இந்த மூலக்கூறு இரண்டு பாதிகளால் ஆனது: கேத்தரன்தின், வின்டோலின். செடி முதலாவதை இலையின் மேல்பரப்பு மெழுகிலும், இரண்டாவதை உள்ளே செல்களிலும் தனித்தனியாக வைத்திருக்கிறது. இரண்டும் தாராளமாகக் கிடைக்கும், சேர்வதுதான் அபூர்வம். அதனால் பாதிகளைப் பிரித்தெடுத்து ஆலையில் இணைக்கும் வழியும் உண்டு. 2022-ல் மரபணு மாற்றிய ஈஸ்ட்டிலேயே இரு பாதிகளையும் உருவாக்கிக் காட்டினார்கள். எனக்கு இதில் தீராத வியப்பு.

“அஞ்சு இலைதானே, என்ன பண்ணிடப் போவுது?” என்றார் பெரியப்பா. எந்த இலையில் எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. சர்க்கரைக்காரருக்குக் காலில் ஒரு புண் வந்தாலே ஆற நாளாகும்; வெள்ளையணுவும் குறைந்தால் என்னாவது? எலிகளின் கதையைச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். மறுநாளே ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப்போனேன், சர்க்கரையோடு வெள்ளையணுக்களையும் எண்ணச் சொல்லி.