சவர் கேஸ் (ஹைட்ரஜன் சல்ஃபைடு கலந்த கேஸ்) ஓடிய பழைய பைப்பில் வெல்டிங்: ஹைட்ரஜன் இரும்புக்குள் இருக்கிறது

லைனைக் கழுவி, நைட்ரஜன் விட்டு, கேஸ் டெஸ்டில் பூஜ்யம் வந்ததும் பைப் தயார் என்று எண்ணிவிடாதீர்கள். ஈரமான ஹைட்ரஜன் சல்ஃபைடு இரும்பை அரிக்கும்போது பிறக்கும் அணு ஹைட்ரஜன் உலோகத்துக்குள்ளேயே இறங்கிவிடும். அதை வெளியேற்றாமல் வெல்டு வைத்தால் விரிசல் விழும், பல மணி நேரம் கழித்துக்கூட.

வால்வை நம்பாமல் பிளைண்ட் (லைனை அடைக்கும் தகடு) போடுங்கள். முதல் திறப்பை கேஸ் கட்டரால் அல்லாமல், மூச்சுக் கருவி அணிந்து கோல்டு கட்டிங்கில் (தீயில்லாமல் வெட்டும் முறை) செய்யுங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடின் அழுகிய முட்டை நாற்றம் நின்றுவிட்டதே என்று நிம்மதி வேண்டாம். சுமார் 100 பிபிஎம்மில் (காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு) மூக்கு மரத்துப்போகும். கேஸ் மானிட்டர் சட்டையிலேயே இருக்கட்டும்.

உள்சுவரில் கரிப்பொடி போல ஒட்டியிருப்பது இரும்பு சல்ஃபைடு. உலர்ந்து காற்றுப்பட்டால் தானாகவே கனன்று சிவக்கும். பக்கத்தில் எண்ணெய்த் துணி இருந்தால் போதும். ஈரமாகவே வழித்து, ஈரமாகவே வெளியேற்றுங்கள். வெல்டு விழும் இடத்தில் பளபளக்கும் உலோகம் தெரியும்வரை கிரைண்ட் செய்யுங்கள். கந்தகம் கலந்தால் வெல்டு சூட்டிலேயே பிளக்கும்.

அல்ட்ராசோனிக்கில் தடிமன் மட்டும் பார்த்தால் போதாது. உள்ளே படலம் படலமாகப் பிரிந்திருந்தால், வெட்டும் இடத்தை நல்ல உலோகம் வரும்வரை தள்ளுங்கள்.

பிறகு ஹைட்ரஜனை விரட்ட வேண்டும்: செராமிக் ஹீட்டிங் பேடு, வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிள், மேலே இன்சுலேஷன். சுமார் 300 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம். தடிமன் கூடினால் நேரமும் கூடும். டார்ச்சால் ஒரு பக்கம் காட்டி முடிப்பது சூடேற்றமே அல்ல. பிறகு முழுதும் ஆறவிடாமல் ப்ரீஹீட் (வெல்டுக்கு முன் சூடேற்றும்) வெப்பத்திலேயே வெல்டைத் தொடங்குங்கள். 7018 ராடை (ஹைட்ரஜன் குறைந்த வெல்டிங் ராடு) பெட்டியில் எழுதியபடி ஓவனில் சுட்டு, சூடான குவிவரிலிருந்து (ராடு வைக்கும் கையடக்கக் கூடு) ஒவ்வொன்றாக எடுங்கள். கடலோர ஈரக்காற்றில் திறந்துகிடந்த ராடு மறுபடி ஹைட்ரஜனைத்தான் கொண்டுவரும். பைப்பின்மேல் ஆர்க் தட்டிப் பார்ப்பதும் கூடாது. அந்தச் சின்னத் தழும்பு கல்லாக இறுகிவிடும்.

கார்பன் ஸ்டீலில் ஹார்ட்னஸ் (கடினத்தன்மை) 22 ராக்வெல் சி, அதாவது இன்னொரு அளவுகோலில் சுமார் 250 விக்கர்ஸைத் தாண்டக்கூடாது என்பது வீம்புக்கல்ல. அமெரிக்காவின் ரோமியோவில்லில், ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பிரிக்கும் கோபுரத்தில் 1974-இல் ஒரு வளையத்தை மாற்றி, சூடேற்றிச் சீர்படுத்தாமல் விட்டார்கள். வெல்டின் ஓரம் இறுகி, விரிசல் ஓடி, 1984 ஜூலையில் கோபுரம் வெடித்தது. 17 பேர் இறந்தார்கள்.

ஆகவே வெல்டிங் ப்ரொசீஜர் (எழுத்து வடிவ செய்முறை) கேட்டால் வெல்டுக்குப் பின் சூடேற்றத்தைக் குறைக்காதீர்கள். கடைசிப் பரிசோதனையையும் வெல்டு ஆறிய கையோடு முடிக்காமல் 48 மணி நேரம் பொறுத்துச் செய்யுங்கள். தாமத விரிசல் வெளியே வர அவ்வளவு நேரம் ஆகலாம்.