கிழவருக்கு அடியில் தலைகீழாக ஓர் இளைஞன்

"ஓவியத்தைச் சுரண்டாமலே அதற்கு அடியில் இன்னொன்று இருப்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் வரைந்த ஒரு கிழவரைச் சாட்சிக்கு அழைக்கிறேன்.

லாஸ் ஏஞ்சலஸ் கெட்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறார். வரைந்தது 1630-31 வாக்கில். கழுத்தில் இரும்புக் கவசம், தொப்பியில் இறகு. ஊர், பேர் தெரியாது. 1968இல் எக்ஸ்ரே எடுத்தபோது அவருக்கு அடியில் தலைகீழாக இன்னொரு முகம்! பழைய பலகையைத் திருப்பி வைத்து, மேலேயே வரைந்திருக்கிறார் ரெம்பிராண்ட். ஆனால் இரண்டு முகத்திலும் காரீய வெள்ளை, அதாவது காரீயம் கலந்த வெள்ளை நிறமி. எக்ஸ்ரேயைத் தடுப்பது காரீயம்தான் என்பதால் இரண்டின் நிழலும் ஒன்றோடொன்று குழம்பிப்போயின.

நிழலை விட்டுவிட்டு, எக்ஸ்-கதிர் பட்டதும் அணுக்களே திருப்பி அனுப்பும் எக்ஸ்-கதிரைப் பார்ப்பதுதான் வழி. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். ரயில் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அணுவின் கீழ் பெர்த்தில் இருக்கும் எலக்ட்ரானை எக்ஸ்-கதிர் ஒன்று அடித்துத் துரத்துகிறது. இடம் காலி. கீழ் பெர்த் காலியானால் மேலே இருப்பவர் சும்மா இருப்பாரா? குதிக்கிறார். குதித்த உயரத்துக்கு ஏற்ற ஆற்றல் புதிய எக்ஸ்-கதிராக வெளியே வருகிறது. பெர்த்துகளின் இடைவெளியைத் தீர்மானிப்பது அணுக்கருவின் புரோட்டான் எண்ணிக்கை. அதனால் ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒவ்வொரு உயரம். வெளிவரும் கதிரின் ஆற்றல் இரும்பு என்றால் 6.4 கிலோ எலக்ட்ரான்வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு), செம்பு 8.0, தங்கம் 9.7, பாதரசம் 10.0.

நகைக்கடையில் காரட் மீட்டர் பார்த்திருப்பீர்களே, அதற்குள் நடப்பதும் இதே குதிப்புதான். பாதரசத்தைத் தங்கமாக்குகிறேன் என்று எவராவது வந்தால் அந்த மீட்டர் முன் உட்கார வையுங்கள்.

இந்த ஒழுங்கை 1913இல் கண்டவர் ஆங்கிலேய இயற்பியலாளர் ஹென்றி மோஸ்லி. முதல் உலகப் போரில், 1915இல் துருக்கியின் கலிப்போலிப் போர்க்களத்தில் இறந்தபோது வயது 27. அவர் நகைக்கடைக்காகவோ ஓவியத்துக்காகவோ உழைக்கவில்லை. 'இதனால் என்ன பயன்?' என்று முதல் பக்கத்திலேயே கேட்கும் நிதி விண்ணப்பங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மோஸ்லி ஞாபகம்தான்.

கிழவரிடம் திரும்புவோம். ஆய்வாளர்கள் நேராக மூலத்தில் கைவைக்கவில்லை. கீழே ஒரு முகம், மேலே ஒரு முகமாக மாதிரி ஓவியம் ஒன்றை வரைந்து, அதில் சோதித்துப் பார்த்தார்கள். பிறகு மூல ஓவியத்தை எக்ஸ்-கதிரால் புள்ளி புள்ளியாக வருடி, தனிமத்துக்கு ஒரு வரைபடம் எடுத்தார்கள். முடிவுகள் 2015இல் வெளிவந்தன. அடியிலிருந்த முகத்தின் சதைநிறத்தில் சாதிலிங்கம், அதாவது பாதரச சல்பைடு என்ற சிவப்பு நிறமி, கலந்திருந்தது. பாதரச வரைபடத்தைத் திருப்பிப் பிடித்தால் கிழவரைக் காணோம், ஓர் இளைஞன் பார்க்கிறான்! செம்பு வரைபடத்தில் அவன் போர்த்தியிருந்த அங்கி.

அங்கி பச்சையாக இருந்திருக்கலாம் என்பது ஊகம்தான். செம்பு பச்சையும் தரும், நீலமும் தரும். கருவிக்குத் தனிமம்தான் தெரியும், சேர்மம் தெரியாது.