அம்பை 16-இல் நின்றுபோன பட்டியல்

பிசான அறுவடை நேரம். அம்பாசமுத்திரம் பக்கத்து அரிசி ஆலை ஒன்றின் நெல் வரவுக் கணக்கை அச்சிட, சி மொழியில் நான் ஒரு நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். கோப்பில் 63 பேர். தாளில் வந்தது 17 பேர். பிழைச் செய்தி எதுவும் இல்லை. அடியில் கூட்டுத்தொகை வேறு அழகாக விழுந்திருந்தது. "என் பெயரைக் காணோமே, தம்பி" என்று ஒரு பெரியவர் தாளை நீட்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

18ஆம் வரியைப் பார்த்தேன். அதுவரை நெல் ரகத்தை ஆங்கில எழுத்தில் 'ஏஎஸ்டி 16' என்று அடித்திருந்தார்கள். புதிதாக வந்த கணக்கர், ஊர் வழக்கப்படி 'அம்பை 16' என்று தமிழில் அடித்துவிட்டார். நெல் ஒன்றுதான்.

மொழியையும் எழுத்துக் குறியாக்கத்தையும் நிரலுக்குச் சொல்லும் அமைப்புதான் லொக்கேல். சி நிரல் எதுவும் 'சி' என்ற லொக்கேலில்தான் கண் விழிக்கும். லினக்ஸ் கணினி, தமிழையும் தாங்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் அமைந்திருந்தாலும், செட்லொக்கேல் என்ற செயற்கூறை வெற்றுச் சரத்தோடு அழைத்தால்தான் அந்த அமைப்பு நிரலுக்கு வரும். நான் அழைக்கவில்லை. 'அ'வின் மூன்று பைட்டுகளில் முதலாவதிலேயே தடுக்கி, கோப்பை வரிவரியாகப் படிக்கும் எஃப்கெட்டபிள்யூஎஸ் என்ற செயற்கூறு, ஒன்றும் கிடைக்கவில்லை என்பதற்கான 'நல்' மதிப்பைத் திருப்பியது. என் வைல் சுற்று அதைக் கோப்பின் முடிவு என்று நினைத்துக்கொண்டது.

நல் வந்தால், கோப்பு முடிந்ததா என்று எஃப்இஓஎஃப்-ஐக் கேளுங்கள். அது இல்லை என்றால், பிழை எண் இருக்கும் எர்நோவைப் பாருங்கள். அங்கே இஐஎல்எஸ்இக்யூ என்ற பிழை இருந்தால் எழுத்துக் குறியாக்கத்தில் சிக்கல். டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் உள்ள கோப்பாக இருந்தால் செட்லொக்கேல் போட்டாலும் இதே கதைதான். குறியாக்கத்தை மாற்றும் ஐகான்வ் கட்டளையைக் கொண்டு முதலில் யூடிஎஃப்-8க்கு மாற்றிவிடுங்கள். தலைப்பு வரியை, பைட்டு பைட்டாகப் படிக்கும் எஃப்கெட்ஸிலும், மீதியை முழு எழுத்துக் குறிகளாக (வைட்) படிக்கும் எஃப்கெட்டபிள்யூஎஸ்ஸிலும் படிக்கிற வேலையும் வேண்டாம். திறந்த கோப்பின் ஸ்ட்ரீம் (வாசிப்பு ஓடை) முதல் வாசிப்பிலேயே பைட் பக்கமோ வைட் பக்கமோ சாய்ந்துவிடும். மறுபடி திறக்காமல் மாறாது.

லொக்கேல் சரியானதும் அடுத்த வம்பு. திருநெல்வேலிக்கு நம் கணக்கில் ஆறு எழுத்து. யூனிகோடில் 12 குறிகள், யூடிஎஃப்-8இல் 36 பைட்டுகள். வரியின் தொடக்கத்தில் இந்தப் பெயர் இருந்து, வாசித்ததை வாங்கி வைக்கும் அணியின் அளவை 10 என்று கொடுத்தால், சரத்தின் முடிவைக் காட்டும் சுழிக்கு ஒன்று போக ஒன்பது குறிகள்தான் வரும்: 'திருநெல்வ'. அடுத்த வாசிப்பு ஏகாரக் கொம்பில் தொடங்கும். திரையில் அது புள்ளி வட்டத்தோடு அனாதையாக நிற்கும். புதுவரிக் குறி வரும்வரை துண்டுகளைச் சேர்த்துவிட்டு அப்புறம் அச்சிடுவதுதான் என் வழக்கம்.

நெல் கணக்கு என்பதால் இன்னொன்று. உழக்கு, ஆழாக்கு, குறுணி முதலிய முகத்தல் அளவைகளின் பழைய குறியீடுகள் 2019இல் யூனிகோடுக்குள் வந்தன. அவை 16 பிட்டுக்குள் அடங்காதவை. எழுத்துக் குறி ஒன்றை வைக்கும் டபிள்யூசார்-டி என்ற தரவு வகை லினக்ஸில் 32 பிட், விண்டோஸில் 16 பிட். அதனால் லினக்ஸில் ஓர் உழக்கு ஓர் இடத்தில் உட்காரும். விண்டோஸில் அதே உழக்குக்கு இரண்டு இடம் வேண்டும்.

ஆலையில் இப்போது வாசிப்பு பாதியில் நின்றால் கூட்டுத்தொகை வராது. நின்ற வரியின் எண்தான் அச்சாகும். கணக்கர் இன்னும் 'அம்பை 16' என்றுதான் அடிக்கிறார்.