எட்டுகை: "புரவலன் அணுகத்தக்கதா" என்ற வரியில் என்ன பிழை?

ஒரு கணினி வலையில் எட்டுகிறதா என்று நமக்காகப் பார்த்துச் சொல்லும் வலை ஏபிஐகள் (ஒரு நிரல் இன்னொரு நிரலைக் கேட்டு விடை பெறும் இடைமுகங்கள்) பல உண்டு. அவற்றின் விளக்கக் குறிப்புகளைத் தமிழாக்குபவர்கள் தயங்காமல் எழுதும் வரி இது: "புரவலன் அணுகத்தக்கதா எனச் சரிபார்க்கிறது." இதில் பொருள் தாங்கும் சொற்கள் மூன்று. 'சரிபார்' மட்டும்தான் சரி. 'ஹோஸ்ட்' என்பதற்கு வைத்த 'புரவலன்' பொருந்தாத சொல். 'அணுகத்தக்க' அதைவிட மோசம். படிப்பவரைத் தவறான இடத்தில் பழுது தேட வைக்கும் சொல் அது.

'அணுகத்தக்க' என்று தமிழாக்கப்படும் ஆங்கிலச் சொல் 'ரீச்சபிள்'. அதன் வேர் 'ரீச்'. பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள் கையை நீட்டுவது. தமிழில் அதே உருவகத்தோடு இருக்கும் வினை 'எட்டு'. எட்டிப் பிடி, எட்டிப் பார், எட்டி நடை போடு. கண்ணுக்கு எட்டிய தூரம், காதுக்கு எட்டிய செய்தி, எட்டாக்கனி. இதோடு 'கை' விகுதி சேர்ந்தால், வருகை, தொடுகை போல, 'எட்டுகை'. எதிர்மறை 'எட்டாமை'. ரீச்சபிலிட்டி என்பதற்கு இதைவிட வேறு சொல் தேவையில்லை.

ஒரு கணினிக்குச் சிறு தரவுப் பொதி (பாக்கெட்) அனுப்பி விடை வருகிறதா என்று பார்க்கும் சோதனையின் பெயரான 'பிங்' கதை வேறு. 1983 டிசம்பரில், மேரிலாந்தில் இருந்த அமெரிக்கத் தரைப்படையின் பாலிஸ்டிக் ஆய்வுக்கூடத்தில் மைக் மூஸ் அந்த நிரலை எழுதினார். நீர்மூழ்கிகளைத் தேடும் சோனார் எழுப்பும் ஒலிதான் பெயர். 'பாக்கெட் இன்டர்நெட் குரோப்பர்' என்ற விரிவு டேவிட் மில்ஸ் பிற்பாடு பொருத்தியது. ஆகவே அந்த விரிவைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கி முதலெழுத்துக் குறுக்கம் செய்வது வீண் வேலை. பிங் ஓர் ஒலிக்குறிப்பு. 'பிங்' என்றே இருக்கட்டும். அது அனுப்பும் செய்திக்கு மட்டும் நல்ல தமிழ் உண்டு: எதிரொலிக் கோரிக்கை, எதிரொலி மறுமொழி. 1981 செப்டம்பரில் வெளிவந்த இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 792-இல் கோரிக்கையின் வகை எண் 8, மறுமொழியின் வகை எண் 0. இணைய நெறிமுறையின் புதிய பதிப்பான ஐபிவி6-இல் அவை 128, 129.

இனி 'அணுகல்'. இந்தச் சொல்லுக்குக் கணினித் தமிழில் ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. ஆக்சஸ் என்பதை அணுகல் என்கிறோம். அணுகல் உரிமை, அணுகல் மறுக்கப்பட்டது, அணுகல் கட்டுப்பாடு எல்லாம் நிலைபெற்ற வழக்குகள். உடற்குறை உள்ளவர்களும் பயன்படுத்தும்படி தளத்தை அமைப்பது அணுகல்தன்மை. நாள்வழக்கிலும் 'வட்டாட்சியரை அணுகவும்' என்றால் போய் நின்று கேட்கவும் என்றுதான் பொருள். அவர் தரலாம், தராமலும் போகலாம். கேட்பதும் இசைவதும் மறுப்பதும் இந்தச் சொல்லுக்குள் ஊறிக் கிடக்கின்றன. எட்டுகையில் இசைவுக்கு இடமே இல்லை. அனுப்பிய பொதி போய்ச் சேர்ந்ததா, அங்கிருந்து ஒன்று திரும்பி வந்ததா என்பதுதான் கேள்வி.

ஒரு சேவையகம் 403, அதாவது 'அனுமதி இல்லை', என்று விடை தருகிறது என்று வையுங்கள். அணுகல் இல்லை. எட்டியதா? நன்றாக எட்டியது, எட்டியதால்தான் மறுக்க முடிந்தது. 443-ஆம் போர்ட்டுக்கு (கணினிக்குள் ஒவ்வொரு சேவைக்கும் உரிய எண்ணிட்ட வாயில்) டிசிபி இணைப்புக் கேட்டு 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்று வந்தாலும் பெரும்பாலும் அப்படியே. அந்தக் கணினி உயிரோடு இருந்து, இணைப்பை மறுக்கும் ஆர்எஸ்டி பொதியைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. அந்தப் போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்கும் நிரல்தான் இல்லை. விடையே வராமல் நேரம் கடந்துபோவதுதான் எட்டாமைக்கான அறிகுறி. 'அணுகத்தக்கதல்ல' என்ற ஒரே தொடர் இந்த மூன்றையும் விழுங்கிவிடுகிறது. அதைப் படிக்கும் நிர்வாகி கடவுச்சொல்லைப் பார்ப்பதா, நின்றுபோன சேவையை எழுப்புவதா, கேபிளைப் பார்ப்பதா?

நெறிமுறையே இந்த வேறுபாட்டை எண் போட்டுப் பிரித்து வைத்திருக்கிறது. பிங்கையும் பிழை அறிவிப்புகளையும் சுமக்கும் ஐசிஎம்பி நெறிமுறையில் வகை 3 என்பது இலக்கு எட்டவில்லை என்ற அறிவிப்பு. அதற்குள் குறியீடு 0 என்றால் அந்த வலையே எட்டவில்லை. 1 என்றால் வலை எட்டியது, கணினி எட்டவில்லை. 3 என்றால் கணினி எட்டியது, போர்ட் எட்டவில்லை. 13 என்றால் நிர்வாகத் தடை. இந்தப் பதின்மூன்றுக்குத்தான் 'அணுகல் தடுக்கப்பட்டது' என்ற தொடர் பொருந்தும். அதைக் கொண்டுபோய் ஒன்றாம் குறியீட்டுக்கு வைத்தால், திசைவி (ரவுட்டர்) சொல்லாத ஒன்றைச் சொன்னதாக எழுதியவர் ஆகிறோம். 'கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை' என்ற பழமொழி குறியீடு 3-ஐ அப்படியே படம் பிடிக்கிறது. அந்த இரண்டு இடத்திலும் 'அணுகியது', 'அணுகவில்லை' என்று மாற்றிப் பாருங்கள், பழமொழி செத்துவிடும்.

இலக்கணமும் எட்டுகையின் பக்கம்தான். 'அணுகத்தக்க' என்பது பெயரடை. அணுகத்தக்க கணினி என்றால் அந்தக் கணினிக்கே உரிய குணம் போல ஒலிக்கிறது. 'எட்டு' அப்படித் தனியே நிற்காது. எதிலிருந்து, எதற்கு என்று கேட்கும். சென்னையிலிருந்து எட்டுகிறது, ஃபிராங்க்பர்ட்டிலிருந்து எட்டவில்லை. எட்டுகை என்பது இரண்டு முனைகளுக்கு இடையிலான உறவு. வலை ஏபிஐ வழியாகச் சோதிக்கும்போது கவனிக்க வேண்டிய முதல் விஷயமே இதுதான்.

உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலால் ஐசிஎம்பி பொதியை அனுப்ப முடியாது. லினக்ஸிலும் பொதியை நேரடியாக ஆக்கி அனுப்பும் 'ரா சாக்கெட்டை'த் திறக்கத் தனி அதிகாரம் வேண்டும். ஆகவே ஏபிஐ என்ன செய்கிறது? நாம் எச்டிடிபி வழியாகக் கேட்கிறோம். எங்கோ இருக்கும் அதன் கணு, அதாவது அதன் சோதனைக் கணினி, பிங் அனுப்புகிறது. அது கண்டதை ஜேசான் என்ற தரவு வடிவில் நமக்குத் தருகிறது. அதாவது 'எட்டியது' என்றால் அந்தக் கணுவிலிருந்து எட்டியது. நம் மேசையிலிருந்து எட்டும் என்பதற்கு அது சான்று ஆகாது. வீட்டுத் திசைவியின் 192.168.1.1-ஐ வெளி ஏபிஐயிடம் கொடுத்தால் பயன் இல்லை, 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்கும் தனி முகவரித் தொகுதிகளை நல்ல ஏபிஐகள் ஏற்பதே இல்லை. பல இடங்களில் உள்ள கணினிகள் பகிர்ந்துகொள்ளும் 8.8.8.8 போன்ற எனிகாஸ்ட் முகவரியைக் கொடுத்தால் அந்தக் கணுவுக்கு வலையில் நெருக்கமான கணினி விடை சொல்லும். நமக்கு விடை சொல்லும் கணினி வேறாக இருக்கலாம்.

இதே ஏபிஐயைச் சொந்தமாக எழுதுபவருக்கும் 'எங்கிருந்து' என்ற கேள்வி முக்கியம். மேகச் (கிளவுட்) சேவையகத்தில் ஓடும் நிரலுக்கு 169.254.169.254 என்ற முகவரி எட்டும். பல மேகங்களில் அந்த எந்திரத்தின் உள்விவரங்களைத் தருவது அதுதான். வெளியாள் கொடுக்கும் முகவரியை வடிகட்டாமல் எச்டிடிபி வழியே சோதித்து, வந்த விடையையும் அப்படியே காட்டினால், அவருக்கு எட்டாததை நாமே எட்டிப் பறித்துக் கொடுத்தவர்கள் ஆவோம். கொடுத்த பெயரை ஷெல் கட்டளைச் சரத்தில் ஒட்டி பிங் நிரலை ஓட்டுவது இன்னும் ஆபத்து: பெயருக்குப் பின்னால் ஓர் அரைப்புள்ளியும் வேறொரு கட்டளையும் வந்தால் அதுவும் ஓடும். முகவரியைத் தனி அளபுருவாகத்தான் கொடுக்க வேண்டும்.

செக்-ஹோஸ்ட் தளத்தின் ஏபிஐயை எடுத்துக்கொள்வோம். முதல் அழைப்பில் சோதனை தொடங்கும்; ஒரு கோரிக்கை எண் வரும். அதைக் கொண்டு இரண்டாம் முறை கேட்டால்தான் முடிவு. ஒவ்வொரு கணுவுக்கும் நான்கு பிங். ஒவ்வொன்றுக்கும் 'ஓகே' அல்லது 'டைம்அவுட்' (நேரம் கடந்தது) அல்லது 'மால்ஃபார்ம்டு' (விடை சிதைந்தது), கூடவே விநாடிக் கணக்கில் நேரம், 0.044 என்றால் 44 மில்லி விநாடி. கணுவுக்கு நேரே வெறும் 'நல்' (null, வெற்று மதிப்பு) இருந்தால் சோதனை இன்னும் முடியவில்லை. அதே 'நல்' இரட்டைச் சதுர அடைப்புக்குள் இருந்தால் அந்தப் பெயருக்கு ஐபி முகவரியே கிடைக்கவில்லை. ஒன்று காத்திருக்க வேண்டிய நிலை, மற்றது பெயருக்கு முகவரி தேடித் தரும் டிஎன்எஸ்ஸின் சிக்கல். இரண்டுமே எட்டாமை அல்ல. இரண்டுக்கும் 'அணுக இயலவில்லை' என்று செய்தி காட்டும் செயலி பொய் சொல்கிறது.

ஏபிஐ 200, அதாவது 'கோரிக்கை வெற்றி', தந்தாலே கணினி எட்டியதாக எண்ணி நிரல் எழுதுவோர் உண்டு. 200 என்பது ஏபிஐ சேவையகம் நமக்கு எட்டியது என்பதற்கான விடை. சோதித்த கணினியின் நிலை உள்ளே, ஜேசானில் இருக்கிறது.

அதே போல விண்டோஸ் பிங் நான்கு பொதிகளை, ஒவ்வொன்றும் 32 பைட், அனுப்பிவிட்டு இழப்பு 0 விழுக்காடு என்று சொன்னாலும் மேலே உள்ள வரிகளைப் படிக்க வேண்டும். அதே உள்வலையில் இல்லாத கணினியைத் தேடினால், நம் சொந்த முகவரியிலிருந்தே 'இலக்குக் கணினி எட்டவில்லை' என்ற வரி வரும். அதையும் வந்த மறுமொழியாகவே அது எண்ணிவிடும். இழப்பு விழுக்காட்டை மட்டும் உருவி எடுக்கும் ஸ்கிரிப்ட் இங்கே ஏமாறும்.

மறுதலையும் உண்டு. பிங்குக்கு விடை வரவில்லை என்றால் கணினி எட்டவில்லை என்று முடிவு கட்ட முடியாது. ஒவ்வொரு கணினியும் எதிரொலிக்கு மறுமொழி தந்தே ஆக வேண்டும் என்று 1989-இல் வந்த ஆர்எஃப்சி 1122 சொல்கிறது. ஆனால் விண்டோஸின் தீயரண் (ஃபயர்வால்) அதை இயல்பாகவே தடுக்கிறது. அமேசான் மேகத்தில் புதிதாக உருவாக்கும் பாதுகாப்புக் குழுவும் வெளியிலிருந்து வரும் எதிரொலிக் கோரிக்கையை, நாம் திறந்துவிடும்வரை, உள்ளே விடாது. எட்டுகையைச் சோதிக்கும் ஜாவாவின் 'இஸ்ரீச்சபிள்' செயற்கூறு, அதிகாரம் இல்லாதபோது 7-ஆம் போர்ட்டுக்கு டிசிபி இணைப்புக் கேட்டுப் பார்க்கும். தீயரண் அதை விழுங்கிவிட்டால் நன்றாக ஓடும் சேவையகத்துக்கும் 'இல்லை' என்று வரும். ஆகவே உண்மையில் பயன்படுத்தப்போகும் போர்ட்டைச் சோதிப்பதே முறை. வலைத்தளம் என்றால் 443.

'எட்டு' என்பதற்கு எதிராக ஒரு நியாயமான மறுப்பு உண்டு: எண்ணும் எட்டுதானே? உண்மை. 'எட்டுநிலை' என்று ஆக்கினால் எட்டு நிலைகள் என்று படிக்க இடமுண்டு. அதனால் அதை ஏற்கவில்லை. 'எட்டுகை' அப்படி மயங்காது. எட்டுக் கைகள் என்றால் நடுவில் 'க்' மிகும். 'எட்டவில்லை', 'எட்டியது' என்று வினையாக வரும்போது ஐயத்துக்கே இடமில்லை. 'அடைய முடியவில்லை' என்பது அணுகலைவிட எவ்வளவோ மேல். ஆனால் அடைதல் என்றால் பெற்றுவிடுதல். வெறும் எதிரொலியால் யாரும் எதையும் பெறுவதில்லை. 'கணினி உயிருடன் உள்ளது' என்பது தொழில்முறைப் பேச்சில் நன்றாக இருக்கிறது. ஆனால் வழியில் கேபிள் அறுந்தால் உயிருள்ளதும் எட்டாது.

மூலத்திலேயே சொல் தளர்வாக இருக்கும் இடமும் உண்டு. ஆப்பிளின் 'எஸ்சி நெட்வொர்க் ரீச்சபிலிட்டி' என்ற ஏபிஐ 'எட்டும்' என்று சொன்னால், பொதி நம் கருவியை விட்டு வெளியேற வழி இருக்கிறது என்பதே பொருள். போய்ச் சேரும் என்ற உறுதி இல்லை என்று அதன் விளக்கக் குறிப்பே சொல்கிறது. அங்கே சொல்லைப் பார்த்து மொழிபெயர்க்காமல் செயலைப் பார்த்து 'அனுப்ப வழி உள்ளது' என்று எழுத வேண்டும். கலைச்சொல் பட்டியலில் முதலில் கண்ணில் படுவதை எடுத்து ஒட்டுகிறவர்களால் இதைச் செய்ய முடியாது. மொழிபெயர்ப்பவர் ஒருமுறையாவது அந்த ஏபிஐயை அழைத்து, இல்லாத முகவரி ஒன்றைக் கொடுத்து, வரும் விடையைப் பார்த்துவிட்டு எழுத வேண்டும்.

'புரவலன்' வந்ததும் இந்த ஒட்டுவேலையால்தான். சங்கப் பாடல்களில் புரவலன் என்றால் இரவலரைக் காக்கும் கொடையாளி. வலைப்பின்னலில் ஹோஸ்ட் என்பது முகவரியோடு வலையில் இணைந்த எந்த முனைக் கணினியும்: கைப்பேசி, அச்சுப்பொறி, கண்காணிப்புக் கேமரா. கேமரா யாரைப் புரக்கிறது? 'கணினி' போதும், கருவிகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் 'ஹோஸ்ட்' என்றே எழுதலாம். தவறான பொருளைச் சுமந்த தூய சொல்லைவிடப் பொருள் தெரிந்த கடன்சொல் மேல்.

கைப்பேசி அழைப்பில் கேட்கும் 'தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்' நல்ல தமிழ். அந்த அறிவிப்பு கேட்டவரைக் குறை சொல்வதில்லை, அழைக்கப்பட்டவர் மறுத்தார் என்றும் சொல்வதில்லை. ஏபிஐ செய்திகளும் அப்படி எழுதப்படலாம். 'மும்பைக் கணுவிலிருந்து எட்டியது, 4-இல் 4, சராசரி 31 மில்லி விநாடி.' 'பெயருக்கு முகவரி கிடைக்கவில்லை, சோதனை நடக்கவில்லை.' 'கணினி எட்டியது. 443-ஆம் போர்ட் மூடியிருக்கிறது.' 'சிங்கப்பூர்க் கணுவிலிருந்து 4 பொதிகளுக்கும் விடை இல்லை. பிங் தடுக்கப்பட்டிருக்கலாம், 443-ஐச் சோதிக்கவும்.'