லேபிள் கிழிந்த மூட்டை

"குடோனைச் சுத்தம் பண்ணும்போது ஒரு மூட்டை கிடந்தது சார், என்னன்னு பார்த்துச் சொல்லுங்க." ராணிப்பேட்டை, வாலாஜா பக்கத்துத் தோல் ஆலைகளிலிருந்து எங்கள் ஆய்வகத்துக்கு இப்படித்தான் மாதிரிகள் வரும். கண்டுபிடிப்பது பெரும்பாலும் பிளஸ் டூ செய்முறையில் படித்த உப்புப் பகுப்பாய்வு வழிதான்.

பச்சைத் தூள் என்று வைத்துக்கொள்வோம். கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டால் சாம்பல் கலந்த பச்சை வீழ்படிவு வரும். இன்னும் விட்டால் அது கரையும். அதோடு ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்துச் சூடாக்கினால் பச்சை போய் மஞ்சளாகும். குரோமியம்! வேறொரு பங்கில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பேரியம் குளோரைடும் விட்டு வெள்ளை படிந்தால் சல்பேட். ஆக, தோல் பதனிடும் குரோம் சல்பேட் தூள்.

ஆரஞ்சுப் படிகம் என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். கரைசலில் காரம் விட்டதும் மஞ்சளாகி, அமிலம் விட்டதும் மறுபடி ஆரஞ்சானால் டைகுரோமேட் என்றே சந்தேகப்படுவேன். உலோகம் அதே குரோமியம்தான். ஆனால் இது ஆறு இணைதிற வடிவம், புற்றுநோய் உண்டாக்குவது. வெறுங்கையால் தொடவே கூடாது.

எனக்கு அதிகப் பயம் மஞ்சள், செம்பழுப்புச் செதில்களைப் பார்த்தால்தான். தோலில் முடி நீக்கச் சுண்ணாம்போடு சேர்க்கும் சோடியம் சல்பைடாக இருக்கலாம். சோதனைக்குழாயில் சிட்டிகை எடுத்து ஒரு சொட்டு அமிலம் விட்டு, லெட் அசிட்டேட் தடவிய ஈரத்தாளைக் குழாயின் வாயருகே காட்டுவோம். தாள் கறுத்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு வருகிறது என்று அர்த்தம். வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகப் பெட்டிக்குள் (ஃபியூம் ஹூட்) வைத்துத்தான் இதைச் செய்வோம். ஆலையில் சுண்ணாம்புக் கழிவும், அமிலம் கலந்த பிக்கிள் (பதனிடும் முன் தோலை ஊறவைக்கும் உப்பு-அமில நீர்) அல்லது குரோம் கழிவும் ஒரே தொட்டியில் சேர்ந்தால் இதே வினைதான் நூற்றுக்கணக்கான லிட்டரில் நடக்கும். அழுகிய முட்டை நாற்றம் எச்சரிக்கும் என்று நம்பியிருக்கவும் முடியாது. சுமார் 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு) அளவிலேயே மூக்கு மரத்துவிடும். "நாத்தம் போயிடுச்சு" என்று தொட்டியில் இறங்குபவர் விழுவார், அவரைத் தூக்கப் போகிறவரும் விழுவார்.

அதனால் தெரியாத மூட்டையை முகர்ந்து பார்க்காதீர்கள், "என்ன ஆகுது பார்ப்போம்" என்று தண்ணீரோ அமிலமோ ஊற்றாதீர்கள். கையுறை போட்டு, உலர்ந்த பிளாஸ்டிக் கரண்டியில் ஒரு ஸ்பூன் எடுத்து, இறுக்கமான மூடி போட்ட சிறு டப்பாவில் கொண்டு வந்தால் போதும். செய்தித்தாளில் மடித்துச் சட்டைப்பையில் வைக்க வேண்டாம். மூட்டை எங்கே கிடந்தது, பக்கத்தில் என்னென்ன இருந்தன என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். எந்தச் சோதனையை முதலில் செய்வது என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம். முடிவு வரும்வரை பக்கத்திலுள்ள அமில கேன்களை வேறு அறைக்கு மாற்றி வையுங்கள்.