வீடியோ மெமரி பத்தலன்னு எரர் வருதா? கார்டு வாங்க ஓடாதீங்க

சர்வீஸுக்கு கேமிங் பிசி தூக்கிட்டு வர்றவங்க நிறைய பேர் வாசல்லயே தீர்ப்பு சொல்லிடுவாங்க, "அண்ணே, கிராபிக்ஸ் கார்டு போச்சு"ன்னு. கேம் ஷேடர் கம்பைல் பண்றப்பவே (ஒளி, நிழல், நிறம் காட்டற குட்டி புரோகிராம்களைத் தயார் பண்றப்பவே) கிராஷ், ஓடினாலும் திணறித் திணறி ஓடும், கேட்டா வீடியோ மெமரி பத்தலன்னு மெசேஜ். 24 ஜிபி கார்டுல எப்படிப்பா பத்தாம போகும்?

நான் முதல்ல கேக்குறது ப்ராசஸர் என்னன்னுதான். இன்டெல் 13, 14வது ஜெனரேஷன் ஐ7, ஐ9னா, அதுலயும் 13900கே, 14900கேன்னா சந்தேகம் நேரா அங்கதான் போகும், ஏன்னா ஷேடர் கம்பைல் பண்றது ப்ராசஸர் வேலை, எல்லா கோரும் முழு லோடுல ஓடும், அதுல கணக்கு எங்கயோ தப்பினா கேம் பாவம் தனக்குத் தெரிஞ்ச எரரைக் காட்டிட்டு விழுந்துடும். பெரிய ஜிப் ஃபைலைப் பிரிக்கறப்போ, கிராபிக்ஸ் டிரைவர் இன்ஸ்டால் பண்றப்போ எரர் வந்தாலும் இதே சந்தேகம்தான். முதல்ல எக்ஸ்எம்பியை (ராமை கூடுதல் வேகத்துல ஓட்டற செட்டிங்) ஆஃப் பண்ணிப் பாருங்க, ராம் தப்பா இருந்தா அங்கயே தெரிஞ்சிடும். அப்பவும் கிராஷ் ஆனா பயாஸ்ல (மதர்போர்டோட அடிப்படை செட்டிங்ஸ் மெனு) பி-கோர் ரேஷியோவை, அதாவது ப்ராசஸரோட பெரிய கோர்களோட வேகத்தை, 53க்கு இறக்குங்க, கிராஷ் நின்னுச்சுன்னா ஆள் ப்ராசஸர்தான்னு கிட்டத்தட்ட முடிவாயிடுச்சு.

இன்டெல்லே 2024ல ஒத்துக்கிட்ட விஷயம் இது. ப்ராசஸர் தேவைக்கு மேல வோல்டேஜ் கேட்டு வாங்கி உள்ள இருக்கற கிளாக் சர்க்யூட் தேஞ்சு போகுது. ஆகஸ்ட்ல வந்த 0எக்ஸ்129 மைக்ரோகோட் (ப்ராசஸருக்குள்ள ஓடற கட்டளைகளுக்கான அப்டேட்) 1.55 வோல்ட்டுக்கு மேல கேக்க விடாது, அடுத்த மாசம் 0எக்ஸ்12பி, 2025 மே மாசம் 0எக்ஸ்12எஃப். எல்லாம் பயாஸ் அப்டேட்லயே வருது. அப்டேட் போட்டதும் பயாஸ்ல இன்டெல் டீஃபால்ட் செட்டிங்ஸையும் செலக்ட் பண்ணுங்க, பல மதர்போர்டுல பவர் லிமிட் 4095 வாட்னு திறந்தே கிடக்கும், அதாவது லிமிட்டே இல்ல. 14900கேக்கு 253 வாட் போதும், நாலஞ்சு எஃப்பிஎஸ் (செகண்டுக்கு வர்ற ஃபிரேம்) குறைஞ்சா குறையட்டும்.

ஆனா ஏற்கனவே தேஞ்ச சிப்பை எந்த அப்டேட்டும் சரி பண்ணாது, மாத்தித்தான் ஆகணும். பாக்ஸ்ல வந்த ப்ராசஸருக்கு வாரண்ட்டியை 3 வருஷத்துலேர்ந்து 5 ஆக்கியிருக்காங்க, பில்லைத் தேடி எடுங்க. அசெம்பிள் பண்ணியே வாங்கின பிசின்னா வித்தவங்ககிட்டதான் கேக்கணும்.

செகண்ட் ஹேண்ட்ல இந்த மாடல் சீப்பா வருதுன்னா பில் இல்லாம தொடாதீங்க, வாங்கறதுக்கு முன்னாடி ஷேடர் கேஷை (ஏற்கனவே கம்பைல் பண்ணி சேத்து வச்சதை) அழிச்சிட்டு பெரிய கேம் ஒண்ணை உங்க கண்ணு முன்னாடி ரெண்டு மூணு தடவை கம்பைல் பண்ணிக் காட்டச் சொல்லுங்க.